இட்லியில் உடைந்த பல்

(கோவை காந்திபுரத்தில் நடந்த பொதுமக்கள் கூட்டத்தில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பல் உடைந்து வருகிறவர்கள் சொல்கிற கதை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "ஏனுங்க டாக்டர், முறுக்கக் கடிச்சு ஒடஞ்சிருந்தாக்கூடப் பரவால்லைங்க. இட்லி தின்னுட்டு இருந்தனுங்க. பொளக்குனு பாதிப் பல்லு கையோட வந்துருச்சுங்க." கையில் ஒரு காகிதப் பொட்டலம் இருக்கும். அதற்குள் அந்தத் துண்டு. அவர்களுடைய திகைப்பு நியாயமானது. இட்லிக்குப் பல்லை உடைக்கும் பலம் கிடையாது. அந்தப் பல் உடைவதற்கான வேலை சில வருஷங்களுக்கு முன்பே சத்தமில்லாமல் தொடங்கிவிட்டது. அன்று காலை நடந்தது அதன் கடைசிப் பகுதி. நடுவில் கழிந்த அந்த வருஷங்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அந்தக் காலத்துக்குள் எப்போது வந்திருந்தாலும் பல்லைக் காப்பாற்றியிருக்க முடியும்.

பல்லின் வெளியே வெள்ளையாகத் தெரிவது எனாமல். நம் உடம்பில் அதைவிடக் கடினமான பொருள் வேறில்லை. எடையில் 100-க்கு 96 பங்கு தாது உப்பு. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அதற்குள் உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லை. கை எலும்பு முறிந்தால் கட்டுப்போட்டுக் காத்திருக்கலாம், கூடிவிடும். எனாமலை உண்டாக்கிய செல்களோ, பல் முளைக்கும்போதே மறைந்துபோகின்றன. அதில் பள்ளம் விழுந்தால் உடம்பால் அதை நிரப்ப முடியாது.

கடினமாக இருப்பதால் அது எதையும் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. எனாமல் வளையாது. அடியில் தாங்க ஆளில்லை என்றால் நொறுங்கிவிடும். தாங்குவது அதற்குள் இருக்கும் டென்டின். இளமஞ்சள் நிறம், எடையில் சுமார் 70 பங்குதான் தாது. மீதி கொலாஜன் என்னும் நாரும் தண்ணீரும். நார் இருப்பதால் அது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். கடிக்கிற பாரத்தை வாங்கிப் பரப்பி வேருக்கு அனுப்பும். கடவாய்ப் பற்களை இறுக்கிக் கடித்தால் 50 கிலோவுக்கும் மேலான விசை இறங்குகிறது. அத்தனை பாரத்தையும் ஆயுசு முழுக்க இந்த இரண்டு அடுக்குகளும் சேர்ந்து சுமக்கின்றன. டென்டினுக்கும் உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் நிறைந்த கூழ் இருக்கிறது.

இனி சொத்தை எப்படி வருகிறது என்று பார்ப்போம். பல்லைப் பூச்சி அரிக்கிறது என்ற நம்பிக்கை நம் ஊரில் மட்டும் இருந்ததில்லை, உலகம் பூராவும் இருந்தது. கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு, அந்தப் புகையை வாய்க்குள் விட்டுப் பூச்சியை எடுப்பதாகச் சொல்வதை நம் பாட்டிமார்கள் பார்த்திருப்பார்கள். ஐரோப்பாவில் இதே வைத்தியத்தைக் குரோசாணி ஓமத்தை வைத்துச் செய்தார்கள். சூட்டில் விதை வெடித்து உள்ளிருந்து வெள்ளையாக நீண்டு வருவது புழு மாதிரியே இருக்கும். அதைக் காட்டி நம்பவைத்தார்கள். பாரிஸில் பியர் ஃபோஷார் 1728-இல் எழுதிய பல் மருத்துவ நூலில், இந்தப் புழுவைத் தன்னால் காண முடியவில்லை என்று மறுத்தார். உண்மைக் காரணத்தை வகையாகச் சொன்னவர் பெர்லினில் ஆராய்ச்சி செய்த மில்லர். 1890-இல் வெளிவந்த தன் நூலில் அவர் சொன்னது இதுதான்: வாயில் உள்ள கிருமிகள் மாவுப் பொருளையும் சர்க்கரையையும் புளிக்கவைத்து அமிலம் உண்டாக்குகின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற பூச்சி ஏதும் இல்லை, எடுத்துக் காட்டவும் முடியாது. இப்போதும் யாராவது பூச்சி எடுத்துக் காட்டுகிறேன் என்று உட்காரவைத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அமிலம் கூடக் கூடக் குறைகிற பி.எச். (pH) என்ற அளவு வாயில் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலின் தாது கரையத் தொடங்கும். இனிப்பைச் சாப்பிட்ட சில நிமிஷங்களில் அந்த அளவு இறங்கிவிடும். எச்சில் வந்து கழுவி, தன்னிடமுள்ள கால்சியத்தைப் பல்லுக்குத் திருப்பிக் கொடுத்து, பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். கரைவதும் திரும்பச் சேர்வதும் தினமும் நடக்கிற வரவு செலவு. செலவு மிஞ்சும்போது முதலில் தெரிவது சுண்ணாம்பு தடவியது போன்ற ஒரு வெள்ளைத் திட்டு. அந்த நிலையில் பிடித்துவிட்டால் துளைக்கவே வேண்டியதில்லை. ஃப்ளூரைடு பூச்சும் சாப்பாட்டுப் பழக்கத்தில் மாற்றமும் சேர்ந்தால் அதை அங்கேயே நிறுத்திவைக்க முடியும்.

பிடிக்காமல் விட்டால், அமிலம் எனாமலைக் கடந்து டென்டினைத் தொடுகிறது. அங்கே தாது குறைவு, நுண்ணிய குழாய்கள் ஏராளம். எனாமலும் டென்டினும் சேர்கிற இடத்தில் சொத்தை பக்கவாட்டில் விரிகிறது. மேலே பார்த்தால் கடவாய்ப் பல்லின் பள்ளத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. எக்ஸ்ரேயில் பார்த்தால் அடியில் ஒரு குகை. "சின்ன ஓட்டைதானுங்களே, இதுக்கு எதுக்குங்க இவ்வளவு தோண்டறீங்க?" என்று கேட்பார்கள். தோண்டியது நாங்கள் இல்லை, ஏற்கெனவே தோண்டிக் கிடந்ததைத் திறந்து சுத்தம் செய்கிறோம். அந்தக் குகைக்கு மேலே எனாமல் கூரை எந்தத் தாங்கலும் இல்லாமல் நிற்கிறது. அதன்மேல் ஒரு கவளம் சோறு இறங்கினாலும் போதும்.

உடைவதைப் பற்றி ஒரு முக்கியமான கணக்கு இருக்கிறது. 1989-இல் அமெரிக்காவில் ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் என்ற மூவர், பிடுங்கிய சிறு கடவாய்ப் பற்களை வைத்து ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு விறைப்பு குறைகிறது என்று அளந்தார்கள். மேல்புறப் பள்ளத்தை மட்டும் குடைந்தபோது 20 சதவீதம் குறைந்தது. கூழை எடுத்து அடைக்கிற ரூட் கெனால் சிகிச்சைக்காக உள்ளே வழி திறந்ததால் குறைந்தது வெறும் 5 சதவீதம். பள்ளத்தோடு சேர்த்து, பக்கத்துப் பற்களைத் தொடுகிற முன் ஓரம், பின் ஓரம் இரண்டும் போனபோதோ 63 சதவீதம். மூங்கில் கூடையின் வாய்க்கட்டை அவிழ்த்துவிட்டால் பின்னல் முழுசாக இருந்தும் கூடை அகன்றுபோகிறதில்லையா, பல்லுக்கு அந்த ஓரங்கள்தான் வாய்க்கட்டு. அவை போனபின் கன்னப் பக்கச் சுவரும் நாக்குப் பக்கச் சுவரும் தனித்தனியாக நிற்கின்றன. ஒவ்வொரு கடியிலும் இம்மி இம்மியாக விரிந்து சேர்கின்றன. ஒரு நாள் ஒன்று பிளந்துவிடுகிறது.

சொத்தை சுலபமாகப் பிடிக்கிற இடங்களில் அந்த ஓரங்களும் சேரும் என்பது இதில் வருத்தமான விஷயம். இரண்டு பல் தொடும் இடுக்கில் பிரஷ் நுழையாது. எந்தப் பல்லிடையே தினமும் கறித்துணுக்கும் கீரையும் மாட்டுகிறதோ அந்த இடத்தைப் பற்றி டாக்டரிடம் சொல்லுங்கள். குண்டூசியாலும் தீக்குச்சியாலும் குத்தாமல், மருந்துக் கடையில் கிடைக்கும் பல்லிடுக்கு நூலாலோ சின்னப் பிரஷ்ஷாலோ ராத்திரி ஒருமுறை சுத்தம் செய்யுங்கள்.

வலியைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் பார்க்கிற உடைந்த பற்களில் பாதிக்கு மேல், வலியைத் தவறாகப் புரிந்துகொண்டதால் உடைந்தவை. எனாமலில் நரம்பு இல்லை, அதனால் அங்கே சொத்தை இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. டென்டினை எட்டியதும் இனிப்புப் பட்டால் சுரீர் என்று இருக்கும், குளிர்ந்த தண்ணீருக்குக் கூசும், உடனே போய்விடும். இந்தக் கட்டத்தில் வந்தால் பெரும்பாலும் ஒரே முறையில் அடைத்து அனுப்பிவிடலாம். அதற்கடுத்து, காப்பி குடித்தபின் வலி தொடங்கி நெடுநேரம் நிற்கும், படுத்தால் விண்விண் என்று தெறிக்கும். உள்ளே கூழ் வீங்கிவிட்டது என்று பொருள். சுற்றிலும் கெட்டியான சுவர், வீக்கம் போக இடமில்லை. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி இரண்டு ராத்திரி ஓட்டுவார்கள். பிறகு வலி நின்றுவிடும்.

"தானாவே சரியாப் போச்சுங்க டாக்டர்" என்று அப்போது சொல்வார்கள். அதைக் கேட்கும்போதுதான் எனக்கு அதிகக் கவலை வருகிறது. கூழ் செத்துப்போனதால் வலி நின்றது. கிருமி வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். மேலே சொத்தை தடையில்லாமல் பரவும். வலி இல்லை என்பதால் அந்தப் பக்கத்திலேயே மறுபடி மெல்ல ஆரம்பிப்பார்கள். ஆறு மாதமோ இரண்டு வருஷமோ கழித்து, ஒரு நாள் காலை, இட்லி.

நரம்பு செத்த பல் காய்ந்து மொறுமொறு என்றாகிவிடும், அதனால்தான் உடைகிறது என்று பலர் சொல்கிறார்கள். ஈரப்பதத்தில் வித்தியாசம் மிகக் கொஞ்சம்தான். அந்தப் பல் உடைவதற்கு முக்கியக் காரணம், சொத்தை தின்றது போக மீதி நிற்கிற சுவர் மெல்லியது என்பதே. ரூட் கெனால் செய்த கடவாய்ப் பல்லுக்குக் கேப் போடச் சொல்வது இதனால்தான். கேப் என்பது நான்கு சுவரையும் சுற்றி வளைத்துப் பிடிக்கிற கவசம். 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ரூட் கெனாலுக்குப் பின் கேப் போடாத பற்கள், போட்டவற்றைப்போல 6 மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன. முன்பல்லில் அதிகம் அரிக்கவில்லை என்றால் கேப் இல்லாமலும் சமாளிக்கலாம். கடவாய்ப் பல்லில் அந்தச் சமரசம் செய்யாதீர்கள்.

கேப்புக்கு ரூட் கெனால் அளவுக்கே செலவாகும் என்று எனக்குத் தெரியும். வலி போனதும் "அடுத்த மாசம் போட்டுக்கறனுங்க" என்று கிளம்புகிறவரை நான் குறைசொல்ல மாட்டேன். பள்ளிக்கூட ஃபீஸ் கட்டுகிற மாதமாக இருக்கும். ஆனால் ரூட் கெனாலுக்குக் கொடுத்த பணமும் சேர்ந்து போய்விடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். தனியாரிடம் முடியாதவர்கள் திருச்சி ரோட்டில் இருக்கும் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போகலாம். பல் மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகளில் ஆசிரியர்கள் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை செய்வார்கள். நேரம் கூட ஆகும், செலவு பொதுவாகக் குறைவு.

சரி, பல் உடைந்தே விட்டது. அன்றைக்கு என்ன செய்வது? வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் மெதுவாகக் கொப்பளியுங்கள். உடைந்த துண்டைக் கொண்டுவாருங்கள். சொத்தைப் பல்லின் துண்டை ஒட்டவைப்பது அரிது, ஆனால் எந்தச் சுவர் போனது என்று அது காட்டும். கூரான விளிம்பு நாக்கை அறுத்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் பல் மெழுகையோ சர்க்கரை இல்லாத சூயிங் கம்மையோ அதன்மேல் அப்பி வையுங்கள். வலிக்குப் பாராசிட்டமால், உங்களுக்கு ஒத்துக்கொள்கிற அளவில். கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டு, பஞ்சில் நனைத்து ஓட்டையில் மட்டும். ஈறில் ஊற்றினால் புண்ணாகும். வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் அப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது ஈறைச் சுட்டுவிடும். புகையிலையை அதக்கிவைத்தால் வலி மரத்துப்போகும், உண்மை. வாய்ப் புற்றுநோய்க்கு அதுதான் வாசல். தயவுசெய்து வேண்டாம். வீங்கிய கன்னத்துக்குச் சூடான ஒத்தடம் கொடுப்பதையும் விட்டுவிடுங்கள்.

கடைக்காரரிடம் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்குவதால் சொத்தை ஆறாது. செத்த கூழுக்கு ரத்த ஓட்டம் இல்லை, மருந்து அங்கே போய்ச் சேராது. உள்ளே சுத்தம் செய்ய வேண்டும், அல்லது பல்லை எடுக்க வேண்டும். மருந்து எப்போது கூடவே தேவை என்பதை டாக்டர் சொல்லட்டும். ஒரு நிலைமையில் மட்டும் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கவே கூடாது. தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கெட்டியாக வீங்கி, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல், காய்ச்சலோடு மூச்சும் சிரமப்பட்டால், உடனே 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836-இல் விவரித்த நோய் இது. கீழ்க் கடவாய்ப் பல்லின் சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சுக் குழாயை அடைத்துவிடும். ஒரு சொத்தைப் பல்லால் உயிர் போகுமா என்று கேட்பவர்களுக்கு, போகும் என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

உடைசல் ஈறுக்கு மேலே நின்றுவிட்டால் பெரும்பாலும் பல்லைக் காப்பாற்றலாம். அடைத்தோ, உள்ளே தண்டு வைத்துக் கட்டியோ, கேப் போட்டோ நிறுத்துவோம். வேர் நெடுகப் பிளந்துவிட்டால் எடுப்பது தவிர வழியில்லை. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை மங்கும் என்று பயந்து, சீழ் பிடித்த வேர்களை வருஷக்கணக்காக வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிற பெரியவர்களைப் பார்க்கிறேன். கண்ணுக்குப் போகிற நரம்பு வேறு, பல்லுக்குப் போகிற நரம்பு வேறு. பார்வைக்கு ஒன்றும் ஆகாது. உடைந்த பல்லின் கூர் உரசிய இடத்தில் நாக்கிலோ கன்னத்திலோ புண் வந்து, கூரைச் சரிசெய்தபின்னும் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் கட்டாயம் காட்டுங்கள்.

இதெல்லாம் நம்மில் யாரோ சிலருடைய பிரச்சினை அல்ல. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03-இல் நாடு முழுக்க எடுத்த கணக்கில் 12 வயதுப் பிள்ளைகளில் 53.8 சதவீதம் பேருக்கும், 35 முதல் 44 வயதுக்காரர்களில் 80.2 சதவீதம் பேருக்கும் சொத்தை இருந்தது. நிரந்தரப் பற்களில் சொத்தை உள்ளவர்கள் உலகத்தில் சுமார் 200 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை சொல்கிறது.

நம் ஊரில் ஏன் இவ்வளவு என்று யோசித்தால், நான் முதலில் பேக்கரியைத்தான் பார்க்கிறேன். கிராஸ்கட் ரோட்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பாருங்கள். காலையில் காப்பி, 11 மணிக்கு டீயும் தேங்காய் பன்னும், நாலு மணிக்கு டீயும் வர்க்கியும், ஆறு மணிக்கு இன்னொரு டீ, படுக்கும் முன் சர்க்கரை போட்ட பால். மில்லில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவருக்கு இன்னும் இரண்டு டீ கூடும். ஒவ்வொரு தடவையும் அரை மணியாவது பல் அமிலத்தில் ஊறுகிறது. எச்சில் தன் வேலையைச் செய்ய இடைவெளியே கிடைப்பதில்லை. ஸ்வீடனில் விப்பெஹோல்ம் மருத்துவமனையில் 1940-களில் ஒரு ஆய்வு செய்தார்கள். மனவளர்ச்சி குன்றியவர்களை, தங்களுக்கு என்ன செய்கிறார்கள் என்றே அறியாதவர்களை வைத்துச் செய்ததால் அது மன்னிக்க முடியாத ஆய்வு. ஆனால் அவர்கள் பற்களை இழந்து நமக்குத் தெரியவைத்த உண்மையை வீணாக்கக் கூடாது. சாப்பாட்டோடு சாப்பிட்ட சர்க்கரையால் சொத்தை கொஞ்சம்தான் கூடியது. சாப்பாட்டுக்கு நடுவே அடிக்கடி தின்ற, பல்லில் ஒட்டிக்கொள்கிற டாஃபிதான் பற்களைச் சூறையாடியது. எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது என்பது பெரிது.

இங்கே ஒரு வருத்தமான உண்மையையும் சொல்லியாக வேண்டும். வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டோம், கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரைதான் வாங்குகிறோம், பிள்ளைக்குக் கடலை மிட்டாய்தான் கொடுக்கிறோம் என்று தாய்மார்கள் நம்பிக்கையோடு சொல்கிறார்கள். அதில் மற்ற நன்மை இருக்கலாம். பல்லில் உட்கார்ந்திருக்கும் கிருமிக்கு இரண்டும் ஒன்றுதான், வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ். கடலை மிட்டாயும் பொரி உருண்டையும் இடுக்கில் ஒட்டி நிற்பது வேறு. விருந்துச் சாப்பாட்டில் இனிப்பைச் சாப்பிடுங்கள், மனசாரச் சாப்பிடுங்கள். இடையில் பசித்தால் நிலக்கடலை, சுண்டல், தேங்காய்ச் சில்லு. டீயில் சர்க்கரையைக் குறைக்க முடியாதவர்கள் டீயின் எண்ணிக்கையைக் குறையுங்கள், குடித்ததும் தண்ணீர் கொப்பளியுங்கள். ராத்திரி தூங்கும்போது எச்சில் மிகக் குறைவாகவே சுரக்கும். அதனால் படுக்கும் முன் தின்றது விடியும்வரை பல்லிலேயே இருக்கும். பால் பாட்டிலோடு தூங்கும் குழந்தையின் முன்பற்கள் இப்படித்தான் கரைந்து உடைகின்றன. ரத்த அழுத்தத்துக்கும் மன அழுத்தத்துக்கும் சாப்பிடுகிற சில மாத்திரைகள் வாயை உலர்த்தும். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாவிட்டாலும் வாய் உலரும். அப்படிப்பட்டவர்களுக்குச் சொத்தை வேகமாகப் பரவும், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது காட்ட வேண்டும்.

ஃப்ளூரைடு பேஸ்ட் நல்லதா கெட்டதா என்ற கேள்வி நம் பக்கத்தில் நியாயமாகவே எழுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகமாகிப் பற்கள் பழுப்பேறி, எலும்பும் வளைந்தவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அவர்களுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-இல் திறக்கப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை இருக்கலாம், 1.5-ஐத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கோவைக்கு வருகிற சிறுவாணித் தண்ணீர் மலையில் பெய்த மழைத் தண்ணீர். தருமபுரியின் பாறைக்கிணற்று நிலைமை அதற்கு இல்லை. பேஸ்ட்டில் உள்ள ஃப்ளூரைடு வயிற்றுக்குள் போய் வேலை செய்வதில்லை. பல்லின் மேலே நின்று, கரைந்த தாதுவைத் திரும்பப் பிடித்துவைக்கிறது. ஆகவே அதை விழுங்கக் கூடாது, உடனே கழுவிவிடவும் கூடாது. காலையும் ராத்திரியும் இரண்டு நிமிஷம் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீரில் அலசாமல் விடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே அரிசி மணி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு, பெரியவர்கள் கண்ணெதிரே. உமிக்கரியும் செங்கல் பொடியும் உப்புக் கல்லும் எனாமலைத் தேய்க்கும், சொத்தையைத் தடுக்காது.

கடைசியாகப் பெற்றோர்களிடம் ஒரு வேலை கொடுக்கிறேன். பால் பல் விழுந்து முளைப்பதுதான் நிரந்தரப் பல் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். முதல் பெரிய கடவாய்ப் பல் அப்படி வருவதில்லை. ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமல், வரிசையின் கடைசிக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கிறது. அதையும் பால் பல் என்று நினைத்து, விழத்தானே போகிறது என்று விட்டுவிடுகிறார்கள். அதன் மேல்புறப் பள்ளங்கள் ஆழமானவை, பிரஷ்ஷின் நார் அடி வரை போகாது. பத்து வயதில் பாதி உடைந்து வருவது அந்தப் பல்தான், அதற்குப் பதிலாக இன்னொன்று முளைக்காது. இன்று ராத்திரி பிள்ளையை உட்காரவைத்து, செல்போன் டார்ச்சை அடித்து, முன்பக்க நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டு போங்கள். ஐந்து வரைக்கும் பால் பற்கள், அல்லது அவற்றின் இடத்தில் முளைத்தவை. ஆறாவதாக ஒன்று இருந்தால், அதுதான். நான்கு மூலையிலும் பாருங்கள். முளைத்திருந்தால் இந்த மாதத்துக்குள் கூட்டிக்கொண்டு போய், பள்ளத்தை மூடிவைக்கும் சீலன்ட் என்ற பூச்சைப் பூசலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். துளைக்க வேண்டாம், ஊசி வேண்டாம், ஒரு பல்லுக்குச் சில நிமிஷ வேலை. ஏற்கெனவே கறுப்புப் புள்ளி தெரிந்தால் அடுத்த மாதம் வரை பொறுக்காதீர்கள், நாளைக்கே போங்கள்.